விதைத் திருவிழாவை நஷ்டத்தில் நடத்த எளிய வழிகள்

வாழ்த்துகள். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ ஒரு விதைத் திருவிழா நடத்துவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் குழுவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஐ.டி. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வரும் இருவர், மொட்டை மாடியில் கத்தரியும் வெண்டையும் போடும் ஒரு மாமி, சர்டிபிகேட் தருவதாகச் சொன்னதால் வந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோருக்கும் மாப்பிள்ளைச் சம்பா நெல்லின் மேல் தீராத காதல். ஒரே ஒரு ஆபத்துதான் இருக்கிறது: பணம் சேர்ந்துவிடலாம். சேர்ந்தால் அடுத்த வருஷமும் நடத்த வேண்டியிருக்கும்.

அதைத் தவிர்க்கும் வழிகள் கீழே. பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவைதான். இனி முறையாகச் செய்யுங்கள்.

1. முதலில் தேதி, பிறகு பணம்

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுங்கள். அழைப்பிதழை எல்லா வாட்ஸப் குழுக்களிலும் போடுங்கள். திருவண்ணாமலையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் விவசாயிகளை வரச் சொல்லுங்கள். இவ்வளவும் ஆன பிறகு, இருபது நாள் மிச்சமிருக்கும்போது, யார் வீட்டு ஹாலிலாவது கூடி, காபி குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்தில் கேளுங்கள்: “ஃபண்ட்ஸுக்கு என்ன பண்றோம்?”

தேதி மார்கழியில் அமைந்தால் விசேஷம். மயிலாப்பூரில் கொடுக்கும் பழக்கமுள்ள அத்தனை பேரும் அந்த மாதம் ஏதாவது ஒரு சபாவுக்குக் கொடுத்து முடித்திருப்பார்கள். மார்கழி தவறினால் ஜனவரி. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும். மிச்சக் காசு அங்கே போய்விடும்.

2. பட்ஜெட் போடாதீர்கள்

ஷாமியானா, மேஜை, நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர், தண்ணீர் கேன், வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு, மறுநாள் குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கூலி என்று யாராவது தாளில் எழுத ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். கீழ்க்கண்ட உரையாடலை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

“மொத்தம் எவ்வளவு ஆகும் சார்?”

“போன தடவை ஆனதுதான் ஆகும்.”

“போன தடவை எவ்வளவு ஆச்சு?”

“கணக்கு ட்ரெஷரர் சார்கிட்ட இருக்கு.”

“அவர் எங்கே?”

“பொண்ணுக்குப் பிரசவம்னு டெக்ஸாஸ் போயிருக்கார். ஆறு மாசம் ஆகும்.”

3. அதே ஐந்து பேரிடம் கேளுங்கள்

இந்த ஊரில் லட்சக்கணக்கானவர்கள் சோறு சாப்பிடுகிறார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. போன வருஷம் கொடுத்த அதே ஐந்து பேருக்கு மட்டும் போன் போடுங்கள். நடுவில் வரும் பதினொரு மாதமும் அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம், ஒரு படம், ஒரு பிடி கிச்சிலிச் சம்பா அரிசி எதுவும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைத் திரையில் பார்த்ததுமே அவர்களில் ஒரு மாமா சொல்ல வேண்டும்: “நெல்லா? இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம்பா.” அப்படிச் சொன்னால் உங்கள் உறவு முதிர்ந்துவிட்டது என்று பொருள்.

ஐவரில் ஒருவர் காலமாகிவிட்டால் அந்த இடத்தை நிரப்பாதீர்கள். நால்வரிடம் கேளுங்கள்.

4. நுழைவு இலவசம்

பத்து ரூபாய்கூட வாங்காதீர்கள். வாசலில் யார் வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதிவைக்கவும் வேண்டாம். மாலையில் மேடையேறி, “இலவசமாகக் கொடுத்தால் நம் ஜனங்களுக்கு மதிப்புத் தெரியாது” என்று வருத்தப்படுங்கள்.

5. விழா மலர் போடுங்கள்

நிதி திரட்டாமல் இருப்பதற்குச் சென்னையில் இதற்கு மேல் நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆர்ட் பேப்பர், பல வண்ணம், கெட்டி அட்டை. பின் அட்டைக்கு ஒரு விலை, உள் அட்டைக்கு ஒரு விலை, முழுப் பக்கம், அரைப் பக்கம், கால் பக்கம் என்று அழகான ரேட் கார்டு அச்சடியுங்கள். அந்த ரேட் கார்டு அச்சுக்கூலிக்கே முதல் கால் பக்க விளம்பரம் சரியாகப் போய்விடும்.

பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறுங்கள். மரபு விதைக்கும் பட்டுப்புடவைக்கும் என்ன சம்பந்தம் என்று கல்லாவில் இருப்பவர் கேட்பார். பாரம்பரியம் என்று சொல்லுங்கள். அவர், “முதலாளி வரட்டும்” என்பார். முதலாளி வர மாட்டார். நாலு தடவை நடந்த பிறகு கால் பக்கம் கிடைக்கும். அதையும் பெயர் போடாமல், ‘நலம் விரும்பி’ என்று போடச் சொல்வார்கள். பெயர் போட்டால் அடுத்த சங்கம் வந்துவிடும் என்ற பயம். பெயரே இல்லாத விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கிறவரை உலகத்தில் வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது. அவரை நேரே உட்காரவைத்து, ‘விளம்பரம் வேண்டாம் சார், வருஷா வருஷம் இவ்வளவு கொடுங்கள், ரசீது தருகிறோம்’ என்று கேட்டுவிடாதீர்கள். சந்தோஷமாகக் கொடுத்துத் தொலைப்பார்.

மலருக்குள் வாழ்த்துரைகள் வேண்டும். ஒவ்வொரு வாழ்த்துரைக்கும் ஒரு முழுப் பக்கம், புகைப்படத்தோடு. இப்படியாக விற்கக்கூடிய பக்கங்களெல்லாம் இலவசமாகத் தீர்ந்த பிறகு, விதை பற்றிய கட்டுரைக்கு இடம் இருக்காது. காட்டுயானம் நெல் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும், ஆள் உயரத்துக்கு மேல் வளரும், கிட்டத்தட்ட ஆறு மாதப் பயிர் என்பதையெல்லாம் அடுத்த மலரில் பார்த்துக்கொள்ளலாம். அச்சாபீஸிலிருந்து கட்டுகள் திருவிழா முடிந்த திங்கட்கிழமை வந்து இறங்க வேண்டும். செயலாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்குங்கள்.

6. ஸ்பான்சரை வருஷா வருஷம் மாற்றுங்கள்

ஒரே நிறுவனம் தொடர்ந்து கூட இருந்தால் திருவிழாவுக்கே அதன் பெயர் ஒட்டிக்கொள்ளும். மயிலாப்பூர் திருவிழாவைப் பாருங்கள்: வடக்கு மாட வீதியில் ஜனவரியில் கோலப் போட்டி நடக்கும்போது அதைச் சுந்தரம் ஃபைனான்ஸ் மயிலாப்பூர் திருவிழா என்றே சொல்கிறார்கள். நிறுவனத்துக்கும் தெரிகிறது, நடத்துகிறவர்களுக்கும் தெரிகிறது, கோலம் போடுகிற மாமிக்கும் தெரிகிறது, அடுத்த வருஷம் உண்டு என்று. உங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி தேவையா?

ஒவ்வொரு வருஷமும் புதிய ஆளைப் பிடியுங்கள். கொள்கைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. பூச்சிமருந்து கம்பெனி கிடைத்தால் தயங்க வேண்டாம். பாக்கெட் நொறுக்குத் தீனி என்றாலும் சரி. இயற்கை வேளாண்மை பற்றிய பேச்சாளருக்குப் பின்னால் அவர்கள் பேனர் நிற்கட்டும்; திருவிழாவின் பெயர் அதன் அடியில் ஒரு வரியாக வரட்டும். பேச்சாளர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போவார். அவர் பேசுவதாக இருந்த நேரத்தில் ஸ்பான்சரின் மார்க்கெட்டிங் மேனேஜரைப் பேச விடுங்கள்.

7. சி.எஸ்.ஆர். பணத்துக்குத் தவறான கதவைத் தட்டுங்கள்

2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, ஓர் அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு, அதாவது சி.எஸ்.ஆருக்கு, செலவிட வேண்டும். மாரத்தான், விருது விழா மாதிரி ஒரு தடவை நடந்து முடிகிற நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் சேராது என்று 2014லேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுவிட்டது. விதை வங்கி, விவசாயிகளுக்கு வருஷம் முழுவதும் பயிற்சி என்று எழுதினால் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே நீங்கள், ‘ஒருநாள் மாபெரும் விதைத் திருவிழா’ என்றே எழுதுங்கள்.

பணம் வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து விதி. அதையும் நீங்கள் பணம் கேட்ட நிறுவனத்துப் பெண் போனில் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். “அப்படியாம்மா? யாரைப் பார்க்கணும்?” என்று கேளுங்கள்.

80ஜி வரிச்சலுகை கேட்கிறவர்களுக்கு, “அப்ளை பண்ணியிருக்கோம் சார்” என்ற பதில் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. ஆகவே ரொக்கமாகவே வாங்குங்கள். க்யூஆர் அட்டை வைத்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வையுங்கள், ஆனால் ஸ்கேன் செய்ததும் சங்கத்தின் பெயருக்குப் பதிலாகப் பொருளாளர் மகனின் பெயர் வர வேண்டும். பாதிப் பேர் அந்த இடத்திலேயே போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

தமிழக அரசு 2021ல் வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டது, அதில் பழைய விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் ஒன்றை அறிவித்தது என்பதையெல்லாம் மேடையில் பெருமையாகச் சொல்லுங்கள். வேளாண் துறை அலுவலகப் படி மட்டும் ஏறாதீர்கள்.

8. விவசாயியிடமும் வாடகை வாங்குங்கள்

ஸ்டால் என்றால் ஸ்டால்தான். குக்கர் விற்கிற தி.நகர்க் கடைக்கும் பூங்கார் அரிசி விற்கிற திருவாரூர்க்காரருக்கும் ஒரே வாடகை. இதுவே சமத்துவம். குக்கர் கடைக்காரர் வாசலுக்கு நேரே உள்ள இடத்தைப் பிடித்திருப்பார். விவசாயிக்கு மாடியில் கொடுங்கள், கழிப்பறைக்குப் போகும் வழியில். எல்லோரும் அந்தப் பக்கம் ஒரு தடவையாவது வருவார்கள்.

அவர் முந்தின நாள் இரவு பஸ் ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்குவார். 2023 டிசம்பரில் அந்தப் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன; மயிலாப்பூர் இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டு மூட்டையோடு மாநகரப் பேருந்தில் ஏற கண்டக்டர் விட மாட்டார். ஆட்டோக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டு அவர் உங்களுக்குப் போன் செய்வார். “வந்துடுங்க அண்ணே, பார்த்துக்கலாம்” என்று சொல்லுங்கள். பார்க்காதீர்கள்.

மத்தியானம் அவருக்குச் சாப்பாட்டு டோக்கன் ஒன்று கொடுங்கள். கூட வந்த மனைவிக்கு இல்லை, ஸ்டாலுக்கு ஒரு டோக்கன்தான் என்று விளக்குங்கள். மிஞ்சிய அரிசியை அவர் மறுபடியும் கிளாம்பாக்கம் வரை சுமந்துகொண்டு போக வேண்டும். ராத்திரி கணக்குப் பார்த்தால் உங்கள் வாடகை, ஆட்டோ, பஸ் போக அவருக்கு மிஞ்சியது ஒரு நினைவுக் கேடயம். அடுத்த வருஷம் அவர் வர மாட்டார்; குக்கர் கடைக்காரர் வருவார். ஐந்தாறு வருஷத்தில் உங்கள் விதைத் திருவிழாவில் விதை என்ற தொந்தரவே இருக்காது. பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.

9. சிறப்பு விருந்தினர்

குறைந்தது ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, சந்தன மாலை, கண்ணாடிப் பெட்டியில் ஒரு நினைவுப் பரிசு. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்காதீர்கள். விவசாயிகளின் மூட்டைகளை ஏற்றிவர ஒரு லாரி வாடகை அதில் அடங்கியிருக்கும். ஏழு பேரில் மூன்று பேராவது ஒரு காசோலை எழுதக் கூடியவர்கள். அவர்களிடம் அதைக் கேட்கவே கூடாது. கூப்பிட்ட இடத்தில் காசு கேட்பது மரியாதை இல்லை என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரே மேடையை விட்டு இறங்கும்போது, “என்னால ஏதாவது முடியும்னா சொல்லுங்கோ” என்பார். “நீங்க வந்ததே போதும் சார்” என்று சொல்லிக் கார்க் கதவைச் சாத்துங்கள்.

10. சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்

நிரந்தர வைப்பு நிதி, இடம், வாடகை வருமானம் ஆகியவற்றின் கெடுதலைப் பார்க்க வேண்டுமானால் கதீட்ரல் ரோடு வரை போனால் போதும். தாவரவியலாளர் ராபர்ட் வைட் போன்றவர்கள் 1835ல் தொடங்கிய அக்ரி-ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி அங்கே இருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேளாண் கண்காட்சியான ராயல் ஷோ 1839ல்தான் பிறந்தது. நம்முடையது நாலு வயது மூத்தது. மலர்க் கண்காட்சியும் போட்டியும் நடத்திக்கொண்டிருந்த இந்தச் சங்கம், கைவசமிருந்த நிலத்தில் ஒரு பகுதியை இட்லி தோசைக்குக் குத்தகை விட்டது. 1962லிருந்து 2008 வரை ட்ரைவ்-இன் உட்லண்ட்ஸ் அங்கேதான் நடந்தது. காருக்குள் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தின் மண்ணில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்கும்!

நாற்பத்தாறு வருஷக் குத்தகை. கேட்கவே எச்சில் ஊறுகிறது, எனக்கும்தான். ஆனால் நிலம் இருந்தால் வழக்கும் இருக்கும். அரசுக்கும் சங்கத்துக்கும் நீண்ட காலம் நடந்தது. உட்லண்ட்ஸ் இருந்த இடம் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவானது; எதிர்ப்புற நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்துவிட்டது, கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டு உட்பட. பத்திரத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் இதிலிருந்து பாடம் எடுப்பார்கள். நீங்கள் ஒன்றுமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராயல் ஷோவும் 2009 ஜூலையோடு கடையைக் கட்டியது. ராஜ குடும்பம் வந்து போன கண்காட்சியே தாக்குப்பிடிக்கவில்லை என்பது, பற்றாக்குறை பற்றி யாராவது கேட்டால் சொல்ல நல்ல பதில்.

11. ஆதிரங்கம் பக்கம் மட்டும் போகாதீர்கள்

இதுவரை சொன்ன அத்தனையும் ஒரே நாளில் வீணாகப் போகும் இடம் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரோடு சேர்ந்து மரபு நெல்லைத் தேடி அலைந்த நெல் ஜெயராமன், ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வந்த விவசாயிக்கு இரண்டு கிலோ விதை. காசு வேண்டாம். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இதில் உள்ள விஷமத்தைக் கவனியுங்கள். வாங்குகிறவரின் பெயரும் ஊரும் நோட்டில் ஏறிவிடுகின்றன. வாங்கியவர் கடன்காரர் ஆகிறார். ஆனால் வட்டியைக் கட்டுவது அவர் வயல். இரண்டு கிலோவை ஒற்றை நாற்றாக நட்டு ஒழுங்காக வளர்த்தால் வருகிற விளைச்சலுக்கு நாலு கிலோ ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகிறது. வருஷா வருஷம் திரும்பி வரவேண்டிய காரணம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. கறிக்குழம்பு வாசனைக்கு வந்தவர்கள் இல்லை, கணக்குத் தீர்க்க வந்தவர்கள். ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார், திருவிழா நிற்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட நெல் ரகங்கள் விவசாயிகளின் வயலுக்கே போய்ச் சேர்ந்தன. நன்கொடை, உறுப்பினர் சந்தா, தணிக்கை எல்லாம் ஒரே மரக்காலில்.

நீங்கள் இதை எக்காரணம் கொண்டும் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிப் பார்க்காதீர்கள். உங்கள் வாசலில் ஆயிரம் வீட்டுக்காரர்கள் விதைப் பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொருவரின் போன் நம்பரையும் எழுதி, ‘அடுத்த வருஷம் இரண்டு பொட்டலமாகத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் நூறு ரூபாய்’ என்று சொன்னால் போதும். பொருளாளருக்கு வேலை கூடிவிடும். பொட்டலத்தை மடித்துக் கையில் திணித்து அனுப்பிவிடுங்கள். அடுத்த தடவை அபிராமபுரத்திலிருந்து ஒரு மாமி சம்படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். “போன வருஷம் குடுத்த சுரைக்காய் விதை, முத்த விட்டு எடுத்தேன், இருநூறு இருக்கு, எங்கே குடுக்கணும்?” என்பார். கொடுப்பதற்கென்று இடம் எதுவும் இருக்கக் கூடாது. “அச்சோ, வெச்சுக்கோங்கோ மாமி” என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்புங்கள். அவர் சம்படத்தோடு வீட்டுக்குப் போவார்.

12. பற்றாக்குறையைக் கௌரவமாகக் கையாளுங்கள்

எவ்வளவு துண்டு விழுந்தது என்று பொதுவில் சொல்லாதீர்கள். தலைவரும் செயலாளரும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளட்டும். இருவர் வீட்டுக்காரிகளுக்கும் தெரிய வேண்டாம், எப்படியும் தெரிந்துவிடும். வரவு செலவுக் கணக்கை அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கு அனுப்பினால் அவர்கள் இன்னும் கொஞ்சம் கொடுத்துவிடுவார்கள், எனவே அனுப்பாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட் தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நன்றியுரை. மேடையில் நின்று, திருவிழா மாபெரும் வெற்றி என்று அறிவியுங்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த வருஷத் தேதியையும் சொல்லிவிடுங்கள். இந்த நேரம் பந்தல்காரர் பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். பொன்னாடை ஒன்று மிச்சம் இருக்கும். அவரை மேடைக்கு அழைத்துப் போர்த்துங்கள்.